குருசடி ஏத்தம்

வண்டியின் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். தக்கலையில் தாணுவின் ஒர்க்‌ஷாப். கரண்டு இல்லை. அந்த வருஷம் கரண்டு எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஆளை அவிக்கிற சூடு. சந்தையில் மீனை விற்று முடித்துவிட்டு, காலி அலுமினியச் சருவத்தை இடுப்பில் வைத்தபடி நான் நேராக அங்கே போயிருந்தேன். மீன் வாடைக்குத் தாணு மூக்கைச் சுருக்கினான். அவன் மேல் அடித்த கிரீஸ் வாடைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

“யக்கா, நீங்க அந்த ஸ்டூல்ல இரியுங்க.”

“நான் இருந்தா நீங்க ரெண்டுபேருமா சேர்ந்து எதையாவது மாட்டி விட்டிருவிய. நிக்கேன்.”

என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் சிரிக்கவில்லை. எனக்கு வாய் நீளம் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். மீன் விற்கிறவளுக்கு வாய் குட்டையாக இருந்தால் மீன் சருவத்திலேயே நாறும். ஆனால் அன்றைக்கு என் பேச்செல்லாம் பயத்தில் வந்த பேச்சு. இந்த வண்டியில் என்ன மாட்டப் போகிறார்கள் என்பதில்தான் என் வீட்டில் ஆள் இருப்பதும் இல்லாததும் கிடந்தது.

விஷயம் இதுதான். கல்யாணம் முடிந்த மறுவருஷமே ஜஸ்டஸ் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அங்கே வழியில் கெட்டு நிற்கிற வண்டிகளைக் கட்டி இழுத்து வருகிற லாரிக்கு டிரைவர். எங்கள் மகள் அபினா சின்ன வயதில் அவரை ‘போன் அப்பா’ என்றுதான் சொல்வாள். அவள் நர்சிங் படிக்க ஆஸ்டலுக்குப் போன பிறகு, போன வருஷம், போதும் என்று ஊருக்கு வந்தார். தெரிந்த வேலை இழுக்கிற வேலை. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் டிரெய்லர் சேர்த்து, படகு இழுக்க ஆரம்பித்தார். ஆனி ஆடியில் எங்கள் மேற்குக் கடல் பேய் பிடித்து ஆடும். அலையைத் தாண்டிப் படகை இறக்க முடியாது. ரோடு வழியாகக் கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் கடலில் தொழில் பார்க்கலாம்.

சின்ன வள்ளங்களை வண்டி சத்தமில்லாமல் இழுத்தது. பெரிய ஃபைபர் படகுதான் சிக்கல். கடற்கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற வழியில் ஒரு ஏற்றம் இருக்கிறது, பாதியில் அந்தோணியார் குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். அதனால் குருசடி ஏத்தம் என்பார்கள். செங்குத்து, அதில் ஒரு வளைவு வேறு. முந்தின மாதம் ஒரு பெரிய படகைக் கட்டிக்கொண்டு போனபோது, வளைவுக்கு முன்பே எஞ்சின் கொதித்து, புகைவிட்டு, ஊரே பார்க்க வண்டி பின்பக்கமாகவே இறங்கி வந்தது. “சட்டிய எறக்கியாச்சு, சோறு வெந்துட்டா?” என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டில் வெந்ததையும் வேகாததையும் நான் சொன்னேன், அது தனிக் கதை. தாணுவிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஷார்ஜாவிலிருந்து பழைய மேனேஜர் கூப்பிட்டார். விசா தயார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அதே சனிக்கிழமை என் தம்பி கிளீட்டஸின் படகை இழுக்க வேண்டிய நாள். ஊரிலேயே பெரிய படகு. அது ஏறினால் மற்றப் படகுகளும் இந்த வண்டிக்கு. ஏறாவிட்டால் எல்லாம் இதே தொழில் செய்கிற குளச்சல்காரனின் கிரேன் லாரிக்கு.

“கிளீட்டஸுக்க படகு கேறினா இஞ்ச இருக்கேன். கேறல்லன்னா போறேன். இதுல பேச ஒண்ணும் இல்ல ரீத்தா,” என்று ஜஸ்டஸ் சொல்லிவிட்டார். அவர் நிறையப் பேசுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

தாணு கோயம்புத்தூரில் ஏதோ கோர்ஸ் படித்துவிட்டு வந்தவன். லேப்டாப்பை வண்டியோடு ஒயரில் கோர்த்துவிட்டு டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். “அண்ணே, ரெண்டு வழி உண்டு. ஒண்ணு சிப்பு.” தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான். “இந்த வண்டியில எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் அடிக்கணும்னு கம்ப்யூட்டர்தான் பாக்கும். இத மாட்டினா அது ஏமாந்து கூட அடிக்கும். முப்பது குதிரை பலம் கூடும். அரை மணி நேர வேலை.”

“இன்னொண்ணு?”

“ரேடியேட்டரும் இன்டர்கூலரும் பெருசு போடணும், சூடு தணிய. கிளட்ச்சு கெட்டியானது. பின்னால உள்ள பல்சக்கரத்த மாத்தணும். வேகம் கொறையும், இழுப்பு வரும். ஆனா எஞ்சினுக்கு ஒரு குதிரை பலம்கூட ஏறாது. ராப்பகலா செய்தா வெள்ளிக்கிழமைக்கு முடியும். ரெண்டையும் செய்ய நேரம் இல்ல.”

எங்கள் கரையில் ஆண்களுக்குக் குதிரை என்று சொன்னால் போதும். ஒருவன் எட்டுக் குதிரை எஞ்சின் வாங்கினால் அடுத்த வீட்டுக்காரன் பத்துக் குதிரை வாங்காமல் தூங்கமாட்டான். சிப்பை மாட்டச் சொல்வார், அது ஒருநாள் ஊரை மிரட்டும், மறுநாள் எஞ்சின் வெடிக்கும் என்று நினைத்தேன். “நாலு பேருக்குள்ள பானையில எட்டு பேருக்கு அரிசி போட்டா கொதிச்சுச் சாடும். எனக்குத் தெரியும், சொல்லிட்டேன்,” என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஜஸ்டஸ் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கேட்டார். “சிப்பு போட்டு இழுத்தா எஞ்சின் எத்தன வருசம் கிடக்கும்?”

தாணு தலையைச் சொறிந்தான். “சும்மா ஓட்டினா பிரச்சனை இல்ல. கட்டி இழுக்கதுக்குன்னா… ரெண்டு வருசம்.”

“மத்தது?”

“பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்காண்டாம்.”

“பின்ன பல்ல மாத்து.”

அவ்வளவுதான் சொன்னார். போகிறவனுக்கு எதற்குப் பத்து வருஷம்? சனிக்கிழமை ஒருநாள் ஜெயித்தால் போதும் என்கிறவன் சிப்பைத்தானே மாட்டுவான்? இந்த மனுஷன் இங்கே கிடக்கத்தான் ஆசைப்படுகிறார், வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. சருவத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“என்ன யக்கா, கண்ணுல கிரீஸா?” என்றான் தாணு.

“உனக்க மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் அழுகை வராது. வேலையப் பாரு தம்பி.”

கிளம்பும்போது அவன் ஒன்று சொன்னான். “அண்ணே, இதுக்க டீசல் பம்பும் ஊசியும் ரொம்ப நேர்த்தியானது. டீசல்ல உள்ள வழுவழுப்புலதான் பம்பு ஓடுது. உங்க கரையில மண்ணெண்ணெய் ஆறா ஓடும். ஒரு துள்ளிகூட இதுக்குள்ள விடப்படாது. பம்பு தன்னத்தானே அரைச்சுத் தின்னும்.” ஷார்ஜாவில் இதையெல்லாம் பார்த்தவர் என்பதால் ஜஸ்டஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

சனிக்கிழமை காலையில் கடல் ஆளுயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தது. படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டும்போதே ஊர் கூடிவிட்டது. யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லையாம். ஒருத்தி தண்ணீர் எடுக்க வந்தாள், ஒருவன் வலையைக் காயப்போட வந்தான், மழைக்காலத்தில். குளச்சல் லாரிக்காரனின் ஆள் ஒருவன் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் பீடியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போல இருந்தது. பேசாமல் ஜெபமாலையை உருட்டினேன், பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

கிளீட்டஸ் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஜஸ்டஸ் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, டயரைத் தட்டி, ஏறி உட்கார்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டி நகர்ந்தது. புதுப் பல்சக்கரத்தில் அது ஓடவில்லை, அடி அடியாகத் தரையைப் பிடித்து நடந்தது. ஏற்றத்தின் தொடக்கத்தில் படகின் மூக்கு மேலே தூக்கியது.

கிளீட்டஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். சின்னப் பிள்ளையிலிருந்தே நல்ல காரியம் செய்துவிட்டால் அவனால் ஐந்து நிமிஷம் அதை மறைத்து வைக்க முடியாது.

“அக்கா, அத்தானுக்கு நான் ஒரு கொறையும் வைக்கல்ல கேட்டியா. டாங்கு ஃபுல்லு.”

“எந்த டாங்கு?”

“வண்டிக்க டாங்குதான். இன்னைக்குக் காலத்த அத்தான் குளிக்கப் போன நேரம் சாவிய எடுத்து ஊத்தி விட்டேன்.”

“டீசலா?”

“டீசலுக்கு நான் எங்க போக? நம்ம படகுக்கு வச்சிருந்த மண்ணெண்ணெய். ரெண்டு கேன். ஆயிலும் சேத்துக் கலக்கித்தான் ஊத்தினேன், எஞ்சினுக்கு ஒண்ணும் வராது.”

அவன் செய்தது தப்பு என்று எங்கள் கரையில் ஒருத்தர் சொல்லமாட்டார்கள். உறவுக்காரனுக்குக் கூலி கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை, அது முகத்தில் அடிப்பதற்குச் சமம். படகு இழுக்க வந்தவனுக்கு எண்ணெய்தான் மரியாதை. அதையும் கேட்டுக் கொடுக்கக் கூடாது. அவன் பார்க்காத நேரம் அவன் எஞ்சினில் ஊற்றிவிட வேண்டும். மறுநாள் டாங்கைத் திறந்து பார்த்து, இன்னான்தான் ஊற்றியிருப்பான் என்று அவனாகச் சிரித்துக்கொள்வான். காலங்காலமாகக் கடலில் ஓடுகிற எஞ்சின்களுக்குச் செய்ததை என் தம்பி ஒரு கம்ப்யூட்டர் வண்டிக்குச் செய்திருந்தான். பாசத்தில் செய்திருந்தான்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் ஓடினேன். “இஞ்சேருங்க” என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கத்தினால் நிறுத்துவார். இந்தச் சரிவில் நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியுமா? முடியாவிட்டால் அவ்வளவு பெரிய படகு வண்டியையும் ஆளையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும். கீழே மீன் ஏலம் போடுகிற கொட்டகை, அது நிறைய பெண்கள். கத்தாவிட்டால் பம்பு தன்னைத் தின்னும். ஆனால் அதற்குள் உச்சியைப் பிடித்துவிட்டால்? எஞ்சினைக் காப்பாற்றுவதா, ஏற்றத்தைக் கடக்க விடுவதா? சந்தையில் பத்து வியாபாரிகளை ஒரே மூச்சில் மடக்குகிற எனக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. ஏறிடு, ஏறிடு, மாதாவே ஏத்தி விட்டிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

வண்டி அருமையாக ஏறியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முந்தின மாதம் கொதித்த இடத்தைத் தாண்டியது. வளைவில் படகின் பின்பக்கம் மதிலை உரசாமல் திரும்பியது. தாணு செய்த வேலை மணிமணியான வேலை. குருசடிக்குப் பக்கத்தில் போனபோதுதான் சத்தம் மாறியது. அம்மியில் மணலை வைத்து அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெள்ளைப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பை ஊதி அணைத்தால் வருமே அந்த நாற்றம். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. டிரெய்லர் முனகியது. படகு ஒரு முழம் பின்னால் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், முழு உடம்பையும் கொடுத்து மிதிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து பாதி எழும்பி நின்று மிதித்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்து. “தள்ளிப் போடி! பின்னால நிக்காத!” என்று கத்தினார்.

நான் தள்ளிப் போகவில்லை. குருசடி மதிலில் பெயர்ந்து கிடந்த கல்லைப் புரட்டி டிரெய்லர் சக்கரத்துக்குக் கீழே போட்டேன். அது நழுவியது. இன்னொன்றைப் போட்டேன். அது பிடித்தது, ஆனால் நிற்காது என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு என்ன யோசித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குருசடிப் படியில் சாடி ஏறி மணிக் கயிற்றைப் பிடித்து அடித்தேன்.

அந்த மணியைத் திருவிழாவுக்குக்கூட அடிக்க மாட்டார்கள். கடலுக்குப் போன படகு திரும்பாதபோது அடிக்கிற மணி அது. கேட்டவன் யாராக இருந்தாலும் கயிறோடு ஓடி வரவேண்டும், பகையாளி என்றாலும் வரவேண்டும். ஒரு வண்டிக்காக அதை அடித்தவள் நான் ஒருத்திதான். கோயில் உபதேசியார் பிற்பாடு என்னை நன்றாக ஏசினார். ஏசட்டும்.

வந்தார்கள். சோற்றுக் கையோடு வந்தவன் இருந்தான். சட்டி சோறு என்று கேலி பேசினவனும் வந்தான். கரைவலை வடத்தை வண்டியின் முன்கொக்கியில் கோர்த்து, ஏற்றம் நெடுக ஆளாக நின்று பிடித்தார்கள். பெண்களும் பிடித்தோம். எனக்கு முன்னால் வடத்தைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தால், குளச்சல்காரனின் ஆள், வாயில் அணைந்த பீடியோடு. ஒருத்தர் ஏலோ போட, மற்றவர்கள் ஐலசா போட்டு, கரையில் படகை இழுப்பது போலவே இழுத்தோம். ஊர்ப் படகுகளையெல்லாம் இழுத்த வண்டியை ஊர் இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூட மேலே போய்த்தான் தெரிந்தது.

மெயின் ரோட்டில், டீக்கடைக்கு எதிரே சமதளத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆட்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். கிளீட்டஸ் ஓடிவந்து டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்தான். முகம் வெளுத்திருந்தது.

“என்ன ஆச்சு அத்தான்?”

எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கி வந்தது. “ஏலே கிளீட்டஸு, நீ செய்த வேலைக்கு…”

“ரீத்தா,” என்றார் ஜஸ்டஸ். என்னைப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு சொல்தான். புகை நாற்றத்திலேயே அவருக்கு எல்லாம் பிடிபட்டிருந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பினார். “பல்லு மக்கா. புதுசா போட்ட பல்லு சிக்கிட்டுது.”

கிளீட்டஸுக்கு உயிர் வந்தது. “நான் பயந்துட்டேன் அத்தான். எண்ணெய் பத்தாம நின்னுட்டோன்னு. எண்ணெய் இருக்குல்லியா?”

“ஒருபாடு இருக்கு, டாங்கு நெறைய.”

கூட்டம் அதைக் கேட்டது. புதுசா போட்ட பல்லு சிக்கிட்டாம் என்று ஒருவன் அடுத்தவனுக்குச் சொன்னான், அடுத்தவன் அதற்கடுத்தவனுக்குச் சொன்னான். படகுக்காரர்கள் இரண்டு பேர் குளச்சல் ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, லாரி என்றைக்கு வரும் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் வண்டியின் பெயர் கெட்டிருக்காது. ஆனால் என் தம்பி சாகும்வரை ‘அத்தான் வண்டிக்கு மண்ணெண்ணெய் ஊத்தினவன்’ என்ற பெயரோடுதான் இந்தக் கரையில் நடப்பான், அவன் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டும். அதற்குப் பதிலாக இந்த மனுஷன் தன் பிழைப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சேசுவே, அதே நேரம் என் வாழ்நாளில் அந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடித்ததும் இல்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கிளீட்டஸ் எங்களுக்கு டீ சொல்லப் போனான். ஜஸ்டஸ் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

“இறங்குங்க.”

“வரேன்.”

வரவில்லை. நான் கதவைத் திறந்தேன். வலது கால் பிரேக்கிலேயே இருந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை கம்பி போல விறைத்து நின்றது.

“ஆளுவ எல்லாம் போயாச்சு. கால எடுங்க.”

“எடுத்தா போயிரும் ரீத்தா.”

“இது சமதரை. கல்லும் வச்சிருக்கு, நானே வச்சேன்.”

“தெரியும். கால் வரல்ல.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். “கேறினா இருக்கேன்னு சொன்னிய. கேறியாச்சு.”

“ஆளு இழுத்ததெல்லாம் கணக்கா?”

“கணக்குதான்.”

ஷார்ஜாவுக்குப் பதில் சொல்லச் சாயங்காலம் வரைக்கும் நேரம் கிடந்தது. நான் படியில் ஏறி, குனிந்து, தோலுரிந்த இரண்டு கைகளாலும் அவர் கெண்டைக்காலைப் பிடித்தேன். உள்ளே சதை துடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத் தூக்கினேன். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது, சக்கரம் கல்லில் முட்டியது, நின்றது. அவர் காலைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்து அதை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அது மிதித்துக்கொண்டே இருந்தது.